பிரேக் மாஸ்டரின் படகுக்குக் கீல்வாதம்

பிரேக் மாஸ்டருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவருடைய ஓட்டுநர் உரிமத்தில் அது அச்சாகியும் இருந்தது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அவர் வீட்டு மாடியில் குடியிருப்பவருக்கே தெரியாது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் அவர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பார். இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்தியிருக்கும் பிரேக்கை மிதிப்பார். வாலிபத்தில் பிடித்த வேலை, தலை நரைக்கும்வரை இதேதான். அந்தக் கால் பழகியே போய்விட்டது. தியேட்டரில் திரையில் ஒரு லாரி வந்தால், முன் இருக்கைக்காரர் திரும்பி முறைப்பார். அவரிடம் வண்டி கற்றவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதெல்லாம் எனக்குத் தெரியும்.

அவருக்கு மனசுக்குள் ஒரு குறை இருந்தது. நாள் முழுக்க வண்டியில்தான் இருக்கிறார், ஆனால் ஸ்டீயரிங் எப்போதும் அடுத்தவர் கையில். வீட்டுக்கு வந்தால் கார் ஓட்டுவது மனைவி. அந்த அம்மாள் கால்நடை மருத்துவமனையில் கம்பவுண்டர். உதைக்கிற மாட்டையும் கடிக்கிற நாயையும் ஒரே குரலில் அடக்கி வைக்கிறவர். அதே குரலில்தான் கணவரிடமும் பேசுவார்.

“ஒரு நாளாவது நான் ஓட்டுறேனே,” என்றார் இவர் ஒருமுறை.

“தாராளமா ஓட்டுங்க. யாரு வேணாம்னா?”

ஓட்டினார். ஸ்டீயரிங் கையில் இருந்தும் கால் தன் வேலையை விடவில்லை. தூரத்தில் ஒருவர் நடைபாதையில் நின்று தும்மினால்கூட வண்டி நின்றது. கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் கடையைச் சாத்திவிட்டார்கள். பின்னால் வந்தவர்கள் ஹாரனிலேயே அவருடைய குடும்பத்தை விசாரித்தார்கள். திரும்பி வரும்போது சாவியை மனைவியிடமே கொடுத்துவிட்டார். பிரேக் இருக்கிற வண்டி எதுவும் தனக்கு ஆகாது என்று அன்றைக்கு அவருக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில் அவரிடம் ஒரு ஓய்வுபெற்ற கோர்ட் குமாஸ்தா வண்டி கற்றுக்கொண்டிருந்தார். பரீட்சையில் தோற்பதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்த மனிதர். ஒவ்வொரு முறை தோற்றதும் மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்பார். கடைசியில் ஒரு நாள் எப்படியோ தேறிவிட்டார். சந்தோஷத்தில் மாஸ்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “எனக்குன்னு ஒரு பாய்மரப் படகு இருக்கு மாஸ்டர். பழைய பைபர் படகு. துறைமுகத்துப் பக்கம் யார்டுல கிடக்கு. இனிமே எனக்கு எதுக்கு அது? நான்தான் கார் ஓட்டுவேனே. நீங்க ஒரு விலை போட்டு எடுத்துக்கங்க,” என்றார்.

“எனக்குப் படகைப் பத்தி ஒண்ணும் தெரியாதே சார்.”

“தெரிஞ்சுக்க என்ன இருக்கு? காத்தடிச்சா போகும், அடிக்கலன்னா நிக்கும்.”

“பிரேக் எங்க இருக்கும்?”

“படகுல ஏது பிரேக்?”

அந்த ஒரு வார்த்தையில் மாஸ்டர் விழுந்தார். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு, அன்று மாலை ஏதோ திருட்டுத்தனம் செய்தவர்போல வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் தட்டைக் கழுவிக்கொண்டே, “எங்க நிறுத்துவீங்க?” என்று மட்டும் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை படகைப் பார்க்கப் போனார்கள். மனைவியின் அண்ணனும் கூட வந்தார். குழாய் வேலை செய்கிறவர். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் சுவரைத் தட்டிப் பார்ப்பார். பொண்ணு பார்க்கப் போன இடத்தில்கூடத் தட்டிப் பார்த்து, குளியலறையில் கசிவு இருக்கிறது என்று சொல்லி, அந்தச் சம்பந்தம் தட்டிப்போனதாகக் கேள்வி.

யார்டில் பத்திருபது படகுகள் மரக்கால்களின் மேல் நின்றன. நடுவில் மாஸ்டருடையது. வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போன உடம்பு. வயிற்றுக்கடியிலிருந்து மீனின் துடுப்பு மாதிரி ஒரு பெரிய பலகை கீழே இறங்கியிருந்தது.

“இது என்ன மாப்ள, கீழ நீட்டிக்கிட்டு இருக்கு?”

“அதுக்குப் பேரு கீல், மச்சான்.”

“கதவுக்குத்தான கீல் இருக்கும்?”

“இது வேற கீல். இதுக்குள்ள இரும்பும் ஈயமும் அடைச்சு வெச்சிருப்பாங்களாம். அந்தக் கனத்துலதான் படகு கவுறாம நிக்குமாம்.” குமாஸ்தாவிடம் கேட்டதை அப்படியே ஒப்பித்தார் மாஸ்டர்.

மச்சான் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்தார். மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங் என்று கெட்டியாக வந்த சத்தம், அடிப்பக்கம் வந்ததும் தொப், தொப் என்று மாறியது. மச்சானின் முகத்தில் ஒரு தொழில்முறைச் சந்தோஷம் பரவியது.

“உள்ள தண்ணி நிக்குது மாப்ள.”

“அவரு, இத்தனை வருஷத்துல ஒரு சொட்டு ஒழுகினதில்லன்னு சொன்னாரே.”

“உண்மையத்தான் சொல்லியிருக்காரு. உள்ள போனது ஒண்ணுகூட வெளிய வரல.”

மாஸ்டரின் மனைவி குனிந்து பார்த்தார். கீலின் அடி ஓரத்தில், எப்போதோ பாறையில் இடித்த இடத்தில், நகத்தை விட்டால் நுழைகிற அளவுக்கு ஒரு விரிசல். அதிலிருந்து துருப்பிடித்த கறை வழிந்து காய்ந்திருந்தது. அதை விரலால் தொட்டு முகர்ந்தார். “நீர் கோத்திருக்கு. கீல்வாதம்,” என்றார். சிரிக்கவில்லை.

இனி என்ன செய்வது என்பதில் குழப்பமில்லை. ஓட்டை போட்டு நீரை வடிக்க வேண்டும். மாஸ்டருக்குத்தான் கை வரவில்லை. ஓட்டை இல்லாமல் இருப்பதுதானே படகு என்று டிரில்லரைக் கையில் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். மச்சான் பிடுங்கிக்கொண்டு, அடியோரத்தில் வைத்து அழுத்தினார். பழுப்பு நிறத்தில் சொட்டத் தொடங்கியது. கூடவே ஒரு நாற்றம். அழுகின முட்டையும் பழைய பேட்டரியும் ஒரே அறையில் குடியிருந்த மாதிரி.

யார்டை நடத்துகிற அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். ஆள் கட்டையாக இருந்தாலும் அவர் குரலுக்குக் கிரேன் திரும்பும். “மாஸ்டர், உங்க படகு என்னத்தத் தின்னுச்சு?”

“ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்க்கா.”

ரெண்டு நாளில் வடியவில்லை. இரண்டு வாரத்திலும் வடியவில்லை. அடியில் வைத்த வாளியில் சொட்டு, சொட்டு, சொட்டு. நின்றுவிட்டது என்று நினைத்து வாளியை எடுத்தால் ஒரு சொட்டு விழும். மாஸ்டருக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை. வகுப்புக்கு நடுவிலேயே பார்க்க வேண்டும்போல இருக்கும். அதனால் அந்தப் பருவத்தில் வண்டி கற்ற நாங்கள் எல்லோரும் எந்தப் பாடமானாலும் துறைமுகத்துப் பக்கமாகவே போனோம். “அடுத்த வளைவுல திரும்புங்க. யார்டுக்குள்ள விடுங்க. அப்படியே ரெண்டு படகுக்கு நடுவுல ரிவர்ஸ் எடுங்க.” நாங்கள் வியர்த்து வழிந்து ரிவர்ஸ் எடுத்து முடிப்பதற்குள் அவர் இறங்கி ஓடி, வாளியை எட்டிப் பார்த்துவிட்டு வந்துவிடுவார். வந்து உட்கார்ந்ததும் அவர் முகத்தைப் பார்த்தே எவ்வளவு சொட்டியிருக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த வருஷம் எங்கள் செட்டில் ரிவர்ஸில் தோற்றவர் ஒருவரும் இல்லை. சிக்னலில்தான் பாதிப் பேர் தோற்றோம், துறைமுகப் பாதையில் சிக்னலே கிடையாது.

மச்சான் பொறுமை இழந்தார். “தானா வராது மாப்ள. இழுக்கணும்,” என்று சொல்லி, தங்கை வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வேக்குவம் கிளீனரைத் தூக்கி வந்து ஓட்டையில் பொருத்தினார். அது சிறிது நேரம் கர்ரென்று இழுத்தது. பிறகு இருமியது. பிறகு பின்பக்கமாகப் பழுப்புத் தண்ணீரைத் துப்பிவிட்டு மூச்சை நிறுத்திக்கொண்டது.

சாயங்காலம் மனைவி வந்து, செத்துக் கிடந்த கிளீனரைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். இருவரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள்.

“அண்ணே, பால் டின்னுல ஒரு ஓட்டை போட்டா பால் வருமா?”

“வராது. ரெண்டு போடணும். காத்து உள்ள போனாத்தான…” மச்சான் பாதியில் நிறுத்திக்கொண்டார். ஊரெல்லாம் குழாயில் காற்று அடைத்ததை எடுத்துவிடுகிறவர் அவர். அவமானத்தில் காதுமடல் வரை சிவந்துவிட்டது.

“மாட்டுக்குக் கட்டி உடைச்சாலும் அப்படித்தான். நான் முதல் நாளே சொல்லியிருப்பேன். நீங்க ரெண்டு பேரும் மும்முரமா இருந்தீங்க.”

மறுநாள் இரண்டாவது ஓட்டை போட்டார்கள். மாஸ்டர் மேலே, கீலின் உச்சியில் டிரில்லரோடு. மச்சான் கீழே மல்லாக்கப் படுத்துக்கொண்டு, பழைய ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து, அங்கிருந்தே மேற்பார்வை. “இன்னும் கொஞ்சம் இடது பக்கம் மாப்ள. அழுத்து. பயப்படாம அழுத்து. அட, அழுத்துன்னா…”

அழுத்திவிட்டார். கீல் ஒருமுறை குபுக்கென்றது. குமாஸ்தா இத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த கடல் மொத்தமும் ஒரே மூச்சில் மச்சானின் திறந்த வாய்க்குள் இறங்கியது.

அவரைத் தூக்கி உட்கார வைத்து, யார்டுக்காரம்மா குழாயைத் திறந்துவிட்டு, மாஸ்டர் முதுகைத் தடவிக்கொடுத்து, எல்லாம் ஆன பிறகு மச்சான் பேசிய முதல் வார்த்தை: “உப்பு.”

தண்ணீர் போய்விட்டது. ஈரம் போகவில்லை. கீலைச் சுற்றிப் பழைய கம்பளியைக் கட்டி, உள்ளே கோழிக்குஞ்சுகளுக்குச் சூடு காட்டுகிற பல்புகளை எரியவிட்டார் மனைவி. மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வந்தது. யார்டுக்கு வருகிறவர்கள் கம்பளி போர்த்தியிருக்கும் படகைப் பார்த்து, காய்ச்சலா என்று விசாரித்துப் போனார்கள். ஓட்டையின் மேல் பாலிதீன் துண்டை ஒட்டிவைத்துக் காலையில் பார்க்க வேண்டும். உட்பக்கம் பனி படிந்திருந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். மாஸ்டர் தினமும் பல் தேய்க்கும் முன்பே ஓடிப்போய்ப் பார்த்தார். பனி, பனி, லேசான பனி, மறுபடியும் பனி. ஒரு காலை துண்டு தெளிவாக இருந்தது. அதைப் பிய்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் எல்லோரிடமும் காட்டினார். நாங்களும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, தெளிவாகத்தான் இருக்கிறது என்று சொன்னோம்.

அடுத்தது விரிசலைச் சுற்றிக் கெட்டுப்போன பைபரை வழித்தெடுக்கும் வேலை. கிரைண்டரை வைத்துத் தேய்க்கத் தேய்க்க, வெங்காயம்போல அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது. அந்தத் தூள் கண்ணாடித் தூள். முகமூடி, கண்ணாடி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டுதான் செய்தார் மாஸ்டர். ஆனால் காலரின் இடுக்கை மறந்துவிட்டார். மறுநாள் வகுப்பில் உட்கார முடியவில்லை. வலது தோளைச் சொறிந்தார். ஓட்டிக்கொண்டிருந்த தையல்கடைக்காரர், வலது பக்கம் திரும்பச் சொல்கிறார் என்று நினைத்துத் திரும்பினார். இடது கழுத்தைச் சொறிந்தார். வண்டி இடது பக்கம் திரும்பியது. முதுகுக்குக் கை எட்டாமல் இருக்கையில் தேய்த்துக்கொண்டார். தையல்கடைக்காரர் ரிவர்ஸ் போட்டார். இத்தனை வருஷத்துப் பிரேக் அன்றைக்குத்தான் முழு உபயோகத்துக்கு வந்தது.

கீலுக்குள் காலியான இடத்தை எபாக்சி ரெசின் ஊற்றி அடைக்க வேண்டும். ரெசினோடு ஹார்டனரைக் கலந்தால் கல்லாக இறுகும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கவும் என்று டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லாரையும் மெதுவாக, மெதுவாக என்று சொல்லிவந்த மனிதருக்கு அன்றைக்குப் பார்த்து அவசரம் வந்தது. ஒரு முழு வாளி கலக்கினார்.

“மாப்ள, வாளி சுடுது.”

“கலக்கினா அப்படித்தான் மச்சான் இருக்கும்.”

“புகையுது மாப்ள.”

வாளியிலிருந்து புகை சுருள் சுருளாகக் கிளம்பியது. மாஸ்டர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கே ஓடுகிறார் என்று அவருக்கே தெரியாது. படகுகளுக்கு நடுவில் புகுந்து, கிரேனைச் சுற்றி, திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்தார். “கீழ வைங்க மாஸ்டர், கீழ வைங்க,” என்று யார்டுக்காரம்மா பின்னாலேயே ஓடிவந்தார். மணல்மேட்டில் வைத்ததும் வாளி உருகிச் சாய்ந்தது. உள்ளே இருந்தது, கலக்கின குச்சியோடு சேர்த்து, மஞ்சள் பாறையாக இறுகிவிட்டது. ஆறின பிறகு யார்டுக்காரம்மா அதை எடுத்துப்போய், காற்றில் அடித்துக்கொள்ளும் தன் ஆபீஸ் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டார். குச்சி பிடிப்பதற்கு வசதியாக இருக்கிறது என்றார்.

மறுநாள் மனைவி லீவு போட்டுவிட்டு வந்தார். கையில் ஒரு பெட்டி. திறந்தால், மாடுகளுக்கு மருந்து ஏற்றுகிற பெரிய ஊசிகள், கை தடிமனுக்கு.

“ஆஸ்பத்திரியில தேட மாட்டாங்களா?” என்றார் மாஸ்டர்.

“தேஞ்சு போனது. தூக்கிப் போடச் சொன்னாங்க. நீங்க கிண்ணத்துல கொஞ்சமாக் கலக்கிக் கொடுங்க. கிண்ணத்துல. வாளியத் தொடாதீங்க.”

அவர் மண்டியிட்டு, ஒரு கையால் கீலைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே அடி ஓட்டையில் ஊசியைப் பொருத்தினார். “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. ஆடாம நில்லு. அவ்வளவுதான். நல்ல பொண்ணு,” என்று முணுமுணுத்தபடி நிதானமாக அழுத்தினார். மாஸ்டர் கலக்கிக் கொடுத்தார். மச்சான் மேலே ஏறி, இரண்டாவது ஓட்டையைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார், வாயை இறுக மூடிக்கொண்டு. இருட்டுவதற்குச் சற்று முன், மேல் ஓட்டையில் தேன் மாதிரி ரெசின் எட்டிப் பார்த்தது. மச்சான் கையை உயர்த்திக் காட்டினார். அடியிலிருந்து உச்சிவரை நிறைந்துவிட்டது.

மனைவி எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் பார்த்த மாதிரி பார்த்தார் என்று யார்டுக்காரம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

“என்ன அப்படிப் பாக்குறீங்க?”

“ஒண்ணுமில்ல. மூக்குல ரெசின் ஒட்டியிருக்கு.”

அதன் பிறகு கண்ணாடி நார்த் துணியை அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து ஒட்டினார்கள். பட்டி பூசினார்கள். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். மச்சான் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்ப்பார், மேடு தெரிந்தால் மறுபடி தேய்ப்பார். பெயிண்ட் அடித்து முடித்ததும் சுத்தியலை எடுத்து, மேலிருந்து கீழ்வரை தட்டினார். டங், டங், டங். அடியிலும் டங். இன்னும் ஒருமுறை தட்டச் சொன்னார் மாஸ்டர். காது குளிர்ந்தது.

படகைத் தண்ணீரில் இறக்கின அன்று நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். கிரேன் தூக்கி, தொட்டிலை இறக்குவதுபோல இறக்கியது. படகு மிதந்தது. மாஸ்டர் சுக்கானைப் பிடித்து நின்றார். மச்சான் உள்ளே இறங்கி, தரைப்பலகையைத் தூக்கி அடிப்பள்ளத்தை எட்டிப் பார்த்தவர், அப்படியே உறைந்தார்.

“மாப்ள. தண்ணி.”

மாஸ்டரின் முகம் வெளிறியது. பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. கடலா, வேறு ஏதாவதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். முன் அனுபவம் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

அவர் விரலை விட்டு எடுத்து, கண்ணை இறுக்கி, நாக்கில் வைத்தார். கண்ணைத் திறந்தார். இன்னொரு முறை வைத்தார்.

“இனிக்குது.”

“என்னது?”

“எலுமிச்சம்பழ ஜூஸ் மாப்ள.” மூலையில் அவருடைய பாட்டில் கவிழ்ந்து கிடந்தது. “மூடிய சரியா மூடல போல.” குழாய்க்காரர் சரியாக மூடாத ஒரே மூடி அதுதான் என்று அவர் பிற்பாடு பலரிடம் விளக்க வேண்டியிருந்தது.

பாய் விரிக்கவும் இழுக்கவும் யார்டுக்காரம்மாவே சில நாள் கூட வந்து சொல்லிக்கொடுத்தார். மாஸ்டர் நல்ல மாணவர், கேள்விதான் அதிகம். அது முடிந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் மட்டும் முதன்முறையாகத் தனியாகக் கிளம்பினார்கள். காற்று நன்றாக அடித்தது. படகு ஒரு பக்கம் சாய்ந்து, கரை சின்னதாகிக்கொண்டே போனது. மாஸ்டர் எதையும் மிதிக்கவில்லை. மிதிக்க ஒன்றும் இல்லை என்பது காலுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிறகு காற்று நின்றது. குமாஸ்தா சொன்னபடியே படகும் நின்றது. நாலு பக்கமும் தகடு மாதிரி தண்ணீர். மனைவி ரொட்டியைப் பிரித்தார். ஒரு துண்டை வாயில் வைத்தவர், மெல்லுவதை நிறுத்தினார்.

“என்னங்க, வரும்போது அடுப்ப அணைச்சமா?”

மாஸ்டர் யோசித்தார். “நீதான கடைசியா உள்ள போன?”

“நான் பை எடுக்கப் போனேன். நீங்கதான வெந்நி வெச்சீங்க?”

இருவரும் கரையைப் பார்த்தார்கள். போனில் சிக்னல் இல்லை. துடுப்பு யார்டிலேயே இருந்தது. பாய் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. செய்வதற்கு ஒன்றுமே இல்லை.

“அணைச்சிருப்போம்,” என்றார் மாஸ்டர்.

“அணைச்சிருப்போம்,” என்றார் மனைவி.

மீதி ரொட்டியையும் சாப்பிட்டார்கள். அவர் கணவரின் தொப்பியை வாங்கி முகத்தின் மேல் கவிழ்த்துக்கொண்டு, பலகையில் கால் நீட்டிப் படுத்துத் தூங்கிப்போனார். பொழுது சாய்கிற நேரத்தில்தான் காற்று வந்ததாம். அதுவரை அவரை எழுப்பவில்லை என்று மாஸ்டர் சொன்னார். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்துதான் இருந்தது. வாசல் கதவுதான் திறந்து கிடந்தது.